நீர் சுமக்கும், காற்றே குளிர்விக்கும்

கணினி உட்கொள்ளும் மின்னாற்றலில் எவ்வளவு வெப்பமாகிறது என்று கேட்டால், ஏறத்தாழ முழுவதும் என்பதே இயற்பியல் தரும் விடை. மின்னோடி பாரம் தூக்குகிறது. விளக்கு ஒளி வீசுகிறது. செயலியோ கோடானுகோடி கணக்குகளை முடித்துவிட்டு, தான் வாங்கிய ஆற்றல் அனைத்தையும் வெப்பமாகவே வெளியில் தள்ளுகிறது. 2022இல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே செயலி முழு விசையில் 253 வாட் வரை இழுக்கக் கூடியது. அதன் சிலிக்கான் சில்லின் பரப்பு ஏறத்தாழ 257 சதுர மில்லிமீட்டர். சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு நூறு வாட் என்று இதைக் கொள்ளலாம். துணி தேய்க்கும் 1,000 வாட் பெட்டியின் அடித்தட்டு 200 சதுர சென்டிமீட்டர் எனில், அதே பரப்பில் அது தருவது 5 வாட் மட்டுமே. துணியைச் சுட்டுவிடும் தட்டைக் காட்டிலும் இருபது மடங்கு செறிந்த வெப்பம், மேசைக்கடியில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு விரல்நகப் பரப்பினுள் பிறக்கிறது.

இவ்வெப்பம் எவ்விதியின்படி பெருகுகிறது என்பதை அறிந்துகொண்டால் பின்னால் வரும் தேர்வுகள் எளிதாகும். சில்லிலுள்ள ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் திறந்து மூடும்போது சிறிதளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அதற்காகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அலைவெண்ணுக்கும் நேர்விகிதத்தில் உயர்கிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட, மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு கூட்ட வேண்டிவந்தால், வெப்பம் 33 விழுக்காடு கூடிவிடும். கடைசிச் சில நூறு மெகாஏர்ட்சு வேகத்துக்காகச் செயலிகள் கொடுக்கும் விலை இதுவே. அவ்விலை உயர்ந்துகொண்டே போனதால்தான், ஒரு காலத்தில் பெருங்கணினிகளுக்கு மட்டுமே உரியதாய் இருந்த நீர்க்குளிர்விப்பு இன்று வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

முதன்முறையாக அதை வாங்க எண்ணுபவர் பெரும்பாலும் செயலியின் தலைமேல் அமரும் பகுதியைப் பார்த்தே தேர்கிறார். அங்கேதான் ஒளிரும் வண்ணவிளக்குகளும் சிறுதிரைகளும் இருக்கின்றன. வெப்பத்தின் வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால், தேர்வு தொடங்க வேண்டிய இடம் மறுமுனையில், காற்றோடு வெப்பம் கலக்கும் வாயிலாகிய ரேடியேட்டரில் இருப்பது விளங்கும்.

நீர் செய்வதும் செய்யாததும்

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்த 4,186 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ காற்றுக்கு ஏறத்தாழ 1,005 ஜூல் போதும். எடைக்கு எடை பார்த்தால் வேறுபாடு நான்கு மடங்கே. ஆயினும் கணினிப் பெட்டியில் அரிதாயிருப்பது இடம். ஆகவே பருமனுக்குப் பருமன் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் நீர் 1,000 கிலோ நிறையுடையது. அதே பருமனுள்ள காற்று ஒன்றேகால் கிலோகூட இராது. இக்கணக்கில் நீரின் ஏற்புத்திறன் காற்றைப்போல் 3,500 மடங்கு. 250 வாட் வெப்பத்தைப் பத்துப் பாகை ஏற்றத்தில் அள்ளிச் செல்ல நிமிடத்துக்கு 0.36 லிட்டர் நீர் போதும். காற்றாயின் ஏறத்தாழ 1,300 லிட்டர் வேண்டும்.

இவ்விடத்தில் பலரும் ஒன்றைத் தவறவிடுகின்றனர். அந்த 1,300 லிட்டர் காற்றின் தேவை நீரால் நீங்கிவிடவில்லை. செயலியின் மேல் வீச வேண்டிய காற்று, இப்போது ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே வீச வேண்டியதாகிறது, அவ்வளவே. நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. ஒரு முனையில் ஏற்றி மறுமுனையில் இறக்குகிறது. நமக்குக் கிடைக்கும் ஊதியம் இடவசதி ஒன்றுதான். செயலியைச் சுற்றியுள்ள நெருக்கடியில் அமைக்க முடியாத பெரும்பரப்பைப் பெட்டியின் மேற்கூரையிலோ முகப்பிலோ அமைக்கலாம். பரப்பு விரிந்தால் விசிறி மெல்லச் சுழலலாம், ஓசையும் குறையும்.

நீரால் செய்ய முடியாத இன்னொன்று, அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்குவது. ரேடியேட்டர் வழியே செல்வது அறைக்காற்று. அறை 36 பாகையில் இருக்கும் கத்திரி வெயில் நாளில் நீர் 36க்குக் கீழே போகாது. சுமையேறிய நிலையில் 45ஐ ஒட்டியே நிற்கும். குளிர்பதனக் கருவி வைத்து நீரை இன்னும் குளிரச் செய்தால் என்ன என்று தோன்றலாம். சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் கோடைக்காற்றின் பனிநிலை 25 பாகையைத் தொடும். குழாய் அதற்குக் கீழே குளிர்ந்தால் வெளிப்புறத்தில் நீர் பூத்துத் தாய்ப்பலகையில் சொட்டும். கசிவில்லாத குழாயாலேயே கணினி நனைந்து கெடும் விந்தை அங்கே நிகழும். ஆதலின் வீட்டில் அறை வெப்பநிலையே அடித்தளம் என்று ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை.

அறைக்குள் இறங்கிய வெப்பம் அறையிலேயே தங்குகிறது என்பதையும் நினைவிற் கொள்க. ஒரு டன் ஏசி நீக்கவல்ல வெப்பம் ஏறத்தாழ 3,500 வாட். செயலியும் கிராபிக்ஸ் அட்டையும் சேர்ந்து 700 வாட் உமிழ்ந்தால், அந்த ஏசியின் உழைப்பில் ஐந்திலொரு பங்கைக் கணினியே விழுங்கிவிடும். உள்ளே இருப்பது காற்றுக் குளிர்விப்பானா நீர்க்குளிர்விப்பானா என்பதால் இந்த எண் மாறாது.

பெருங்கணினியிலிருந்து மேசைக்கு

ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் சிஸ்டம்/360 வரிசையின் உயர்வகைப் பெருங்கணினிகளுக்கு நீரைக் கொண்டுவந்துவிட்டது. 1980இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081இன் அமைப்பு இன்றும் வியக்கத்தக்கது. நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகளை ஒரே பீங்கான் பலகையில் பதித்து, ஒவ்வொரு சில்லின் முதுகிலும் சுருள்வில்லால் அழுத்தப்படும் ஓர் உலோகத் தண்டைத் தொடவைத்து, இடைவெளியைக் காற்றினும் நன்கு வெப்பம் கடத்தும் ஈலியம் வளிமத்தால் நிரப்பி, அதன்மேல் குளிர்நீர் ஓடும் தட்டை வைத்து மூடினர். 1985இல் வந்த கிரே-2 மீக்கணினியில் மின்சுற்றுப் பலகைகள் முழுவதும் மின்கடத்தாத புளோரினெர்ட் நீர்மத்தில் அமிழ்ந்து கிடந்தன. 2012இல் செருமனியின் கார்சிங் நகரில் இயங்கத் தொடங்கிய சூப்பர்மக் மீக்கணினியோ வெதுவெதுப்பான நீராலேயே குளிர்விக்கப்பட்டது. அதிலிருந்து வெளிவந்த வெப்பம் வீணாகாமல் குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்பட்டது.

வீட்டுக் கணினியில் இது ஆர்வலர்களின் கைவினையாகத் தொடங்கிற்று. 300 மெகாஏர்ட்சு என விற்கப்பட்ட இன்டெல் செலரான் 300ஏ செயலியை 450 மெகாஏர்ட்சில் ஓட்டலாம் என்று 1998இல் கண்டறிந்தவர்கள், மிகுவெப்பத்தை நீக்க மகிழுந்துகளின் உட்சூடாக்கிச் சுருளையும் மீன்தொட்டி எக்கியையும் எடுத்துக் குழாயால் இணைத்தனர். செம்புக் கட்டியைத் தாமே துளையிட்டுச் செயலியின்மேல் பொருத்தினர். 2004இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 கணினியின் 2.5 கிகாஏர்ட்சு வகையில் நீர்மக் குளிர்விப்பை ஆலையிலேயே பொருத்தி விற்றது. சில ஆண்டுகளில் அவற்றுட் பல கசிந்தன. நீர்மத்தைக் கணினிக்குள் ஓட்டுவது எளிது, ஆண்டுக்கணக்கில் உள்ளேயே அடக்கிவைப்பது அரிது என்பதை அத்துறைக்கு உணர்த்திய நிகழ்வு அது.

திருப்புமுனை டென்மார்க்கிலிருந்து வந்தது. 2000இல் தொடங்கப்பட்ட அசெட்டெக் நிறுவனம், எக்கியையும் செயலியைத் தொடும் செம்புத் தட்டையும் ஒரே உறைக்குள் அடக்கி, ரேடியேட்டரோடு குழாயால் நிலையாக இணைத்து, ஆலையிலேயே நீர்மம் நிரப்பி மூடும் வடிவத்தைப் பரவலாக்கிற்று. அவ்வடிவத்தில் 2009இல் கோர்சேர் விற்ற எச்50, நீரையே தொடாமல் நீர்க்குளிர்விப்பைப் பெறலாம் என்ற நிலையைக் கொணர்ந்தது. இன்று ஏஐஓ என்று கடைகளில் கேட்டு வாங்கும் மூடிய தொகுதிகள் பெரும்பாலும் இக்கால்வழியினவே.

முதலில் வாட்டைக் கணக்கிடுக

நீர்க்குளிர்விப்பு வேண்டுமா என்பதே முதல் வினா. இன்டெல் கோர் ஐ5-12400 உச்சத்தில் 117 வாட் கொள்ளும். ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி விளையாட்டுகளில் பெரும்பாலும் 100 வாட்டுக்குள்ளேயே நிற்கும். இவற்றுக்கு இரு கோபுரம் கொண்ட நல்ல காற்றுக் குளிர்விப்பானே போதும். அதனுள்ளும் நீர் இருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. செம்பாலான வெப்பக் குழாய்களினுள் சிறிதளவு நீரைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்து மூடியிருப்பர். செயலியருகே அது ஆவியாகி மேலே சென்று, இதழ்களின் குளிர்ச்சியில் மீண்டும் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே ஊர்ந்து திரும்பும். ஒரு கிலோ நீர் ஆவியாக 2,000 கிலோஜூலுக்கு மேல் உள்ளுறை வெப்பம் ஏற்கும் ஆகையால், துளியளவு நீரே பேரளவு வெப்பத்தைக் கடத்திவிடும். எக்கி இல்லை, பழுதடைய விசிறி ஒன்றைத் தவிர வேறு ஏதுமில்லை.

அத்தகைய குளிர்விப்பானுக்கு இரு குறைகள் உண்டு. நாக்துவா என்எச்-டி15 போன்ற பெருவகையின் உயரம் 165 மில்லிமீட்டர். எடை விசிறிகளுடன் 1.3 கிலோ. பல பெட்டிகளில் பக்கக் கதவு மூடாது. கணினியைத் தொலைவுக்கு எடுத்துச் செல்கையில் தாய்ப்பலகைக்கும் அவ்வெடை ஆகாது. 200 வாட்டுக்கு மேல் நெடுநேரம் உழைக்கும் செயலி, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு, அறிவியற் கணக்கீடு ஆகிய பணிகள், இடங்குறைந்த பெட்டி, மெல்லோசையில் விருப்பம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் நீரை நாடுவதில் பொருளுண்டு.

இல்லையெனில், முன்னே கூறிய இருமடி விதியே இலவச மருந்து. தாய்ப்பலகையின் பயோசு அமைப்பில் செயலியின் திறன் வரம்பைக் குறைத்து வைத்தால், உச்ச வேகத்தில் சிறிதளவே இழந்து வெப்பத்தில் பெரும்பங்கை இறக்கிவிடலாம். 253 வாட் செயலியை நீருக்காகவே வாங்கி, நீரைச் செயலிக்காகவே வாங்கி, இரண்டையும் வெறும் எழுத்துப்பணிக்குப் பயன்படுத்துவோரும் உளர்.

வெப்பநிலை எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டா. ரைசன் 7000 வரிசையின் உயர்வகைகள் முழுச்சுமையில் 95 பாகையை எட்டும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகுமாறு வடிவமைக்கப்பட்டவை. குளிர்விப்பை மேம்படுத்தினால் அவை பெரும்பாலும் அதே 95இல் இன்னும் விரைவாக ஓடும். பார்க்க வேண்டியவை, நெடுநேரச் சுமையில் அலைவெண் நிலைக்கிறதா, விசிறியின் ஓசை பொறுக்கத்தக்கதா என்ற இரண்டே.

மூடிய தொகுதியைத் தேர்தல்

மூடிய தொகுதியின் அளவு அதன் விசிறிகளால் குறிக்கப்படுகிறது. 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டாயின் 240, மூன்றாயின் 360. 140 மில்லிமீட்டர் விசிறி இரண்டாயின் 280, மூன்றாயின் 420. ஒற்றை விசிறி கொண்ட 120 வகை பெரிய காற்றுக் குளிர்விப்பானையே வெல்வது அரிது. இடமே இல்லாத குறும்பெட்டிக்கன்றி அதை வாங்குவதில் பயனில்லை. 150 வாட்டை ஒட்டிய செயலிக்கு 240உம், 200ஐக் கடந்தவற்றுக்கு 280 அல்லது 360உம் பொருந்தும்.

அதற்கும் மேல் பெரிதாக்குவதால் வருவது சிறு நன்மையே. காரணத்தை ஒரு மாதிரிக் கணக்கால் காண்போம். அறை 34 பாகை, நீர் 44 பாகை, சில்லு 85 பாகை என்று கொள்க. அறைக்கும் நீருக்கும் இடையே வேறுபாடு 10. நீருக்கும் சில்லுக்கும் இடையே 41. ரேடியேட்டரை இருமடங்காக்கினால் முதல் வேறுபாடு பாதியாகி 5 ஆகலாம். சில்லின் வெப்பநிலையோ 85இலிருந்து 80க்குத்தான் இறங்கும். எஞ்சிய 41 பாகையும் சில்லு, அதன் மூடி, இடையே தடவிய பசை, செம்புத் தட்டு ஆகிய திடப்பொருள்களின் தடையால் எழுவது. அதை ரேடியேட்டர் தொடவும் முடியாது. தட்டைச் சமனாகவும் இறுக்கமாகவும் பொருத்தி, பசையை அளவாகத் தடவுவதால் கிடைக்கும் பயன், ஒருபடி பெரிய ரேடியேட்டர் தரும் பயனுக்குச் சமமாக வாய்ப்பதும் உண்டு.

அத்தட்டின் உட்புறம் காணத்தக்கது. செம்புப் பாளத்தில் காகிதம்போல் மெல்லிய இதழ்கள் நெருக்கமாய், கால் மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளிகளுடன் சீவி நிறுத்தப்பட்டிருக்கும். மேலிருந்து ஒரு நெடும்பிளவு வழியே நடுவில் இறங்கும் நீர், இருபுறமும் பிரிந்து இவ்விதழ்களுக்கிடையே விரைந்து வழியும். சுவரை ஒட்டி நீர் தேங்கினால் வெப்பம் தாண்டாது. இடைவெளி குறுகக் குறுக அத்தேக்கம் மெலிகிறது. நீர்க்குளிர்விப்பின் நுட்பம் முழுவதும் இந்தச் சில சென்டிமீட்டர் சதுரத்தில் அடங்கியிருக்கிறது. அதன் பெரும்பகையாகிய அடைப்பும் இங்கேதான் தொடங்குகிறது.

பொருத்தும் இடத்துக்கும் விதியுண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல இரப்பர்க் குழாயின் சுவர் வழியே நீர் மிகச் சிறிதளவு ஆவியாய் வெளியேறும். அந்த இடத்தைக் காற்று நிரப்பும். காற்று எப்போதும் உச்சியை நாடும். ரேடியேட்டரின் மேல்முனை எக்கியைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கே தங்கிவிடும், தீங்கில்லை. ரேடியேட்டரைப் பெட்டியின் அடியில் வைத்து எக்கியை உச்சியாக்கினால், காற்று எக்கிக்குள் புகுந்து கலகலக்கும். உராய்வைத் தணிக்கும் நீரில்லாமல் எக்கி விரைவில் தேயும். மேற்கூரையில் கிடையாகவோ, முகப்பில் மேல்முனை எக்கியைத் தாண்டி உயர்ந்து நிற்குமாறோ வைப்பதே முறை. முகப்பில் வைக்கும்போது குழாய்கள் கீழ்ப்புறம் வருமாறு திருப்பினால் காற்றுக்குமிழ் குழாய்வாயை அணுகாது.

முகப்பா கூரையா என்பதிலும் ஓர் ஈடுகட்டல் உண்டு. முகப்பில் வைத்தால் வெளிக்காற்று நேரே ரேடியேட்டரில் புகும், செயலி குளிரும், வெதும்பிய காற்று கிராபிக்ஸ் அட்டையின்மேல் வீசும். கூரையில் வைத்தால் அட்டை குளிர்காற்றைப் பெறும். ரேடியேட்டருக்கு அட்டையின் மூச்சுக்காற்று வரும். விளையாட்டுகளில் செயலியைக் காட்டிலும் அட்டையே இரண்டு மூன்று மடங்கு வெப்பம் உமிழ்வதால், அதற்கு முதலிடம் தந்து ரேடியேட்டரைக் கூரைக்கு அனுப்புவது பெரும்பாலோர்க்கு ஏற்றது. எதுவாயினும், வாங்குமுன் பெட்டியின் கூரையில் ரேடியேட்டரின் தடிப்பான 27 மில்லிமீட்டரும் விசிறியின் தடிப்பான 25 மில்லிமீட்டரும் சேர்ந்து நுழையுமா, நினைவகப் பலகைகளை இடிக்குமா என்று அளந்து பார்க்க.

மூடிய தொகுதிக்கு வாழ்நாள் உண்டு. பல நிறுவனங்கள் 5 அல்லது 6 ஆண்டு உறுதி தருகின்றன. நல்ல எக்கிகளுக்கு 50,000 மணி நேரம் என்ற கணக்கும் சொல்லப்படுகிறது. காற்றுக் குளிர்விப்பானில் விசிறி நின்றால் சில நூறு ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். மூடிய தொகுதியில் எக்கி நின்றால் முழுவதையும் களைய வேண்டும். விலையை ஆண்டுகளால் வகுத்துப் பார்த்து வாங்குவதே நேர்மையான கணக்கு.

தனித்தனியே கோக்கும் சுற்று

செயலியோடு கிராபிக்ஸ் அட்டையையும் நீருக்குள் கொண்டுவர விரும்புவோர்க்கு உரியது தனிச்சுற்று. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் திறன் 450 வாட். ஆயினும் அதன் சில்லு 608 சதுர மில்லிமீட்டர் அகன்றது. மேலே உலோக மூடியும் இல்லை. ஆகவே வெப்பம் தட்டுக்கு எளிதில் இறங்குகிறது. நீரால் மிகுந்த பயன் பெறுவது செயலியன்று, அட்டைதான். வேகமாய்ச் சுழலும் அதன் மூன்று விசிறிகளின் இரைச்சல் அடங்குவதே அப்பயனின் பெரும்பகுதி.

இச்சுற்றில் செயலியையோ அட்டையையோ தொடும் தட்டாகிய வாட்டர் பிளாக், ரேடியேட்டர், எக்கி, நீர்த்தொட்டி, குழாய், இணைப்பிகள், நீர்மம் என ஏழு உறுப்புகள். அவற்றுள் ரேடியேட்டரையே முதலில் தேர்க. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றுக்கு 100 முதல் 150 வாட் என்பது ஆர்வலர் வழங்கும் கைக்கணக்கு. செயலிக்கு 200, அட்டைக்கு 400 எனில் ஐந்தாறு விசிறிகளின் இடம், அதாவது இரண்டு 360 ரேடியேட்டர்கள். தடித்த ரேடியேட்டரை விட அகன்றது மேல். தடிப்பு இருமடங்கானால் காற்றுக்குத் தடையும் பெருகுவதால் பயன் இருமடங்காவதில்லை. இதழ்கள் நெருங்கியவற்றுக்கு அழுத்தம் மிகுந்த, விரைந்து சுழலும் விசிறி வேண்டும். இதழ்கள் அகன்றவை மெல்லச் சுழலும் விசிறியோடு ஒத்துப்போகும். தூசி மிகுந்த தெருவில் வாழ்வோர்க்கு அகன்ற இதழ்களே துடைக்க எளிது.

எக்கிகளில் டி5, டிடிசி என்ற இரு வடிவங்கள் நெடுங்காலமாக நிலைபெற்றவை. டி5 பெரியது, ஓசை குறைந்தது. டிடிசி சிறியது, அழுத்தம் கூடியது. முதற்சுற்றுக்கு நீர்த்தொட்டியோடு ஒட்டிய டி5 பொருந்தும். எந்த உறுப்புக்குப் பின் எந்த உறுப்பு என்ற வரிசை குறித்துப் பலர் கவலைப்படுவர். நிமிடத்துக்கு 3.8 லிட்டர் ஓடும் சுற்றில் 700 வாட் ஏறினாலும், சுற்றின் மிகச் சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் வேறுபாடு மூன்று பாகையை எட்டாது. ஆகவே குழாய் வளையாமல் செல்லும் வரிசையே நல்வரிசை. கட்டாய விதி ஒன்றே: நீர்த்தொட்டியிலிருந்து நீர் தானே எக்கிக்குள் இறங்க வேண்டும், எக்கி ஒருபோதும் வறண்டு ஓடக் கூடாது.

குழாயில் மென்குழாய், வன்குழாய் என இருவகை. பளபளக்கும் வன்குழாயைச் சூடாக்கி வளைத்து, அறுத்து, முனை மழித்துப் பொருத்துவது பொறுமையும் பழக்கமும் கேட்கும் வேலை. முதற்சுற்றுக்கு மென்குழாயே தக்கது. அதிலும் நிறமற்ற பிவிசி வகையிலிருந்து நெகிழியாக்கிப் பொருள் காலப்போக்கில் கசிந்து, பிளாக்கின் நுண்ணிதழ்களில் வெண்பசையாய்ப் படியும். இபிடிஎம் என்னும் கருநிற இரப்பர்க் குழாய் அழகிற் குறைந்தது, கசிவற்றது, நீராவியையும் எளிதில் விடாது.

உலோகமும் நீர்மமும்

தனிச்சுற்றைக் கெடுப்பதில் கசிவைவிடக் கொடியது உலோகப் பகை. செம்பின் திட்ட மின்முனை அழுத்தம் நேர்க்குறியில் 0.34 வோல்ட், அலுமினியத்தினது எதிர்க்குறியில் 1.66 வோல்ட். இரண்டையும் ஒரே நீரில் ஓடவிட்டால் சுற்று ஒரு மின்கலமாகிவிடும். அலுமினியம் அரிக்கப்பட்டுக் குழிவிழும். அரிந்து உதிரும் துகள் பிளாக்கை அடைக்கும். ஆகவே செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவற்றை ஒன்றாக வைத்து, அலுமினியத்தை முற்றும் விலக்குக. மலிவு விலைத் தொகுப்புகளில் ரேடியேட்டர் என்ன உலோகம் என்று கேட்டறியாமல் வாங்கற்க. மூடிய தொகுதிகள் பலவற்றில் செம்புத் தட்டும் அலுமினிய ரேடியேட்டரும் சேர்ந்தே இருக்கின்றனவே எனலாம். அங்கே ஆலையில் அளந்து சேர்த்த அரிமானத் தடுப்பிகள் காக்கின்றன. காற்றும் உட்புகுவது அரிது. வீட்டில் திறந்து நிரப்பும் சுற்றுக்கு அந்தக் காப்பு இல்லை.

குழாய்நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஆகா. அவற்றின் சுண்ணமும் உப்பும் இதழ்களில் படியும். குடிநீர்க் குடுவை நீரிலும் கனிமங்கள் உண்டு. இன்வெர்ட்டர் மின்கலத்துக்கென விற்கும் நீர் பெரும்பாலும் கனிமம் நீக்கியதே. எனினும் தரம் கடைக்குக் கடை வேறுபடுவதால், ஆய்வகத் தரத்தில் காய்ச்சி வடித்த நீரோ ஆயத்த நீர்மமோ வாங்குவது நலம். தூய நீரில் பாசியும் நுண்ணுயிரும் தழைக்கும். அவற்றை ஒடுக்கும் மருந்தும் அரிமானத் தடுப்பியும் சேர்க்க வேண்டும். பால்போல் வெளுத்த வண்ண நீர்மங்களில் மிதப்பவை நுண்துகள்கள். நாளடைவில் அவை பிரிந்து படிவதுண்டு. படம் எடுப்போர்க்கு அவை. நாள்தோறும் உழைக்கும் கணினிக்கு நிறமற்றதே நன்று.

தூய நீர் மின்னைக் கடத்தாது, ஆகவே கசிந்தாலும் தீங்கில்லை என்பது பாதி மெய். சுற்றில் சில நாள் ஓடியவுடன் உலோக அயனிகளைக் கரைத்துக்கொண்டு அது கடத்தத் தொடங்கிவிடும்.

நிரப்பும் நாள்

முதல் நிரப்பலின்போது தாய்ப்பலகைக்கோ அட்டைக்கோ மின்சாரம் செல்லக் கூடாது. எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கியின் 24 முனை இணைப்பைப் பலகையிலிருந்து கழற்றி, பச்சைக் கம்பியையும் ஒரு கருப்புக் கம்பியையும் அதற்கென விற்கும் சிறுபாலத்தால் இணைத்தால் மின்வழங்கி தனியே இயங்கும். எக்கிக்கு மட்டும் மின் கொடுக்கலாம். இணைப்பிகள் ஒவ்வொன்றின் கீழும் வெண்ணிற மெல்லிழைத்தாள் சுற்றுக. தொட்டியை நிரப்பி எக்கியைச் சில நொடி ஓட்டினால் நீர்மட்டம் சட்டென்று இறங்கும். உடனே நிறுத்தி மறுபடி நிரப்புக. ரேடியேட்டர் முதலில் கடகடவென்று முழங்கும். பெட்டியை இருபுறமும் மெல்லச் சாய்க்க, தொட்டியில் குமிழ்க்கூட்டம் நுரைத்து வெளிவரும். ஓசை அடங்கி நீர் தெளிந்த பின்னும் ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் தாளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்க்க. நீர் ஊற்றுமுன்னரே கைஎக்கியும் அழுத்தமானியும் கொண்டு அரை பார் அளவு காற்றேற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது இன்னும் மேலான காப்பு.

ஆய்விலும் பொறுமை வேண்டும். சுற்றிலுள்ள ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை ஏற 4,186 ஜூல் கொள்வதால், 250 வாட் சுமை தொடங்கிய முதற்சில நிமிடங்கள் எல்லாச் சுற்றும் நன்றாகவே தோன்றும். வெப்பம் நீரில் தேங்குகிறது. இன்னும் வெளியேறத் தொடங்கவில்லை. அரைமணி நேரம் முழுச்சுமையில் ஓடிய பின் காணும் எண்ணே உண்மை எண். அதன் பின்னர் ஆண்டுக்கொருமுறை நீர்மத்தை வடித்து மாற்றுவதும், திங்களுக்கொருமுறை இதழ்களின் தூசியைத் துடைப்பதும் தனிச்சுற்று கேட்கும் வாடகை.

தேர்வின் வரிசை

செயலியும் அட்டையும் நெடுநேரச் சுமையில் கொள்ளும் வாட் எவ்வளவு. அறையின் கோடை வெப்பநிலை எவ்வளவு. பெட்டியில் எத்தனை விசிறி அகலத்துக்கு ரேடியேட்டர் நுழையும். அதற்கு வெளிக்காற்று தடையின்றி வருமா: இந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதிய பிறகே கடைக்குச் செல்க. முகப்பு முழுவதும் கண்ணாடியால் மூடிய பெட்டியில் 360 ரேடியேட்டரைத் திணிப்பதினும், வலைமுகப்புள்ள பெட்டியில் 240ஐ வைப்பது பல வேளைகளில் நன்கு குளிர்விக்கும்.

150 வாட்டுக்குக் கீழ்ப்பட்ட செயலிக்குப் பெரும்பாலும் காற்றுக் குளிர்விப்பானே போதும். அங்கே நீரை நாடுவது இடங்குறைவுக்காகவோ மெல்லோசைக்காகவோ அழகுக்காகவோ ஆகும். 200ஐக் கடந்து நெடுநேரம் உழைப்பதாயின் 280 அல்லது 360 மூடிய தொகுதி முதன்முறை வாங்குவோர்க்கு ஏற்றது. தனிச்சுற்றுக்கு அதைப்போல் பல மடங்கு செலவாகும். செயலி ஒன்றுக்காக மட்டும் அச்செலவைச் செய்தால், சில பாகையும் சிறிது அமைதியும்தான் கைம்மாறு. 300 வாட்டுக்கு மேல் உமிழும் அட்டையை அமைதியாக்க வேண்டும் என்ற தேவையோ, தன் கையால் கோத்துப் பார்க்கும் ஆர்வமோ இருந்தால் அதைத் தொடங்கலாம். தொடங்குவோர் செம்பு ரேடியேட்டர், டி5 எக்கி, கருநிற இரப்பர்க் குழாய், நிறமற்ற நீர்மம் என்று எளிய வழியில் செல்க. வண்ணவிளக்கில் மிச்சம்பிடித்த பணத்தை நல்ல விசிறிகளுக்கும் காற்றோட்டமுள்ள பெட்டிக்கும் செலவிட்டால், அறை அனுமதிக்கும் அளவுக்குக் கணினி குளிரும். அதற்கு மேல் எந்த நீரும் குளிர்விக்காது.